கண்புரை ஆபரேஷனுக்கு ஐந்து நட்சத்திரம், அதற்குப் பிறகான ஏழு வாரத்துக்கு ஒன்று

ஆபரேஷன் நடந்த அன்றே இந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பெண் ஒரு டேப்லெட்டை நீட்டி, “ஒரு ரேட்டிங் மட்டும் போட்டுட்டுப் போயிடுங்க மேடம்” என்றார், போட்டேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தில் அது உண்மைதான். இப்போது அதைத் திருத்தி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. போட்டால் என்ன ஆகும்? நீங்கள் அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டு, நிம்மதியாக இன்னொரு இடத்துக்குப் போய் இதே கதையில் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது பிரயோஜனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 67, வலது கண். ஆபரேஷனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஃபேகோ முறை, மூன்று மில்லிமீட்டர்கூட வராத ஒரு கீறல், தையல் கிடையாது, மங்கிப்போன லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விட்டால் அது தானாக விரிந்துகொள்ளும். உள்ளே போன அம்மா, நான் வெளியே ஒரு போன் பேசி முடிப்பதற்குள் சக்கர நாற்காலியில் வந்துவிட்டார். ஆரம்பிக்கும் முன் கண்ணில் 5 சதவீத அயோடின் கரைசலை விட்டுச் சில நிமிடம் வைத்திருந்தார்கள், முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் செலுத்தினார்கள். எல்லாம் முறைப்படி. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா செய்த முதல் வேலை, பிரஷர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் அழுத்தியிருக்கும் காலாவதித் தேதியைக் கண்ணாடி இல்லாமல் சத்தமாகப் படித்தது. (கிட்டப் பார்வைக்கு ஏற்ற பவர் லென்ஸ் வைத்தோம். படிப்பதுதான் அவருக்கு முக்கியம்.) அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரை போடுமுன் அந்தத் தேதியைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அந்தப் பழக்கம்தான் பின்னால் கண்ணைக் காப்பாற்றியது, காப்பாற்றிய அளவுக்கு.

சொட்டு மருந்து அட்டவணை ஒன்று கொடுப்பார்கள் அல்லவா, ஸ்டீராய்டு முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு என்று படிப்படியாகக் குறைப்பது. அது மூன்று வேளைக்கு வந்த நான்காவது வாரத்தில் ஒரு காலை அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த அட்டையில தேதி சரியா அடிக்கலடி” என்றார். நான் வாங்கிப் பார்த்தேன், தெளிவாகத்தான் இருந்தது.

கண் லேசாகச் சிவந்திருந்தது. வலி இல்லை. வெளிச்சம் கூசுகிறது என்றார். உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பாட்டு, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், மறுபடி பாட்டு. கடைசியில் எடுத்தவர் கேட்ட ஒரே கேள்வி, “வலி இருக்கா?” இல்லை என்றேன். “அப்போ பயப்பட ஒண்ணும் இல்ல மேடம், நாலு நாள் பார்த்துட்டு வாங்க.”

இங்கேதான் முதல் கோளாறு. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி புகுவது என்றாலே எல்லோர் மனதிலும் இருப்பது பாக்டீரியா. அது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வரும், கண் ரத்தச் சிவப்பாகும், பலருக்கு வலி கடுமையாக இருக்கும், பார்வை மளமளவென்று இறங்கும். அதைத் தவறவிடுவது கஷ்டம். பூஞ்சை அப்படி இல்லை. அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாமதித்து, பூனை மாதிரி வரும். ஆரம்பத்தில் வலியே இல்லாமல் போகலாம். ஆக “வலி இருக்கா” என்ற கேள்வி பாக்டீரியாவைப் பிடிக்கத் தைத்த வலை, பூஞ்சை அதன் கண்ணி வழியாக நுழைந்து போய்விடும். பார்வை போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் நான் ஆமாம் என்றிருப்பேன். அவர் மேல் கோபமில்லை, அவர் கையில் கொடுத்த காகிதத்தில் அந்தக் கேள்வி இல்லை.

நாலு நாள் காத்திருக்காமல் மறுநாளே போனோம். ஆபரேஷன் செய்த டாக்டர் அன்று தியேட்டரில், வேறொரு இளம் டாக்டர் பார்த்தார். “உள்ள கொஞ்சம் வீக்கம் இருக்கும்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்றதுதான்.” ஸ்டீராய்டை மறுபடி ஆறு வேளை ஆக்கினார். ஐந்தே நாளில் கண் வெளுத்தது, கூச்சம் போனது, அம்மா தேதியைப் படித்துவிட்டார். நான் அந்த டாக்டரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

மருந்தைக் குறைத்தோம். ஆறாவது வாரம் மறுபடி மங்கல். மறுபடி போனோம், இந்த முறை மூன்றாவது டாக்டர். அவர் ஃபைலைப் புரட்டினார், அதில் முந்தைய வரியில் “குணமடைந்து வருகிறது” என்று இருந்தது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு தடித்திருக்கிறது, கொஞ்ச நாளில் லேசர் வைத்தால் தெளிந்துவிடும், அதுவரை ஸ்டீராய்டைக் கூட்டுங்கள் என்றார். மொத்தம் மூன்று நிமிடம்.

எனக்கு இருக்கும் பெரிய குறை தனிப்பட்ட டாக்டர்கள் மேல் அல்ல. ஒருவர் மங்கலைப் பார்த்தார், இன்னொருவர் மங்கலைப் பார்த்தார். கூட்டினால் தெளிகிறது, குறைத்தால் திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது என்ற அந்தப் போக்கை யாருமே பார்க்கவில்லை, ஏனென்றால் இரண்டு முறையும் ஒரே ஆள் பார்க்கவில்லை. அந்தப் போக்கைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், எங்களுக்கோ அதன் அர்த்தம் தெரியாது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், அதனால் கண் வெளுத்துப் பார்வைக்குக் குணமானது போலத் தெரியும். அதே நேரம் கிருமியை எதிர்க்கும் உடம்பின் காவலையும் அமுக்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அதாவது நான் அலாரம் வைத்து, கை கழுவி, ஒரு வேளை தவறாமல், அம்மாவின் இமையை விலக்கி விட்ட ஒவ்வொரு சொட்டும் அதற்கு உரம். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஏழாவது வாரம் ஒரு மாலை, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கருவிழிக்குள்ளே, அடிப்பக்கத்தில், தண்ணீர்க் குடுவையின் அடியில் வண்டல் படிந்தது போல ஒரு வெள்ளைக் கோடு. அது சீழ் என்று பிறகு தெரிந்தது. உதவி எண்ணில் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் தருகிறோம் என்றார்கள். அன்று வியாழன்.

ஒன்று என்றேனே, அந்த ஒரு நட்சத்திரம் இந்த செவ்வாய்க்கிழமைக்குத்தான்.

அன்றிரவே அம்மாவை, விழித்திரைக்கென்றே இருக்கும் ஒரு ரெட்டினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அதுவும் இந்த விமர்சனத்தில் வர வேண்டியதுதான். கூட்டம் நெரிசல், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், ஒரு தடவை ஃபைலே காணாமல் போனது, கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை தியேட்டர் வாசலில் வைத்து நீட்டினார்கள். இதெல்லாம் குறைதான். ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்பில் தாடையை வைக்கச் சொல்லுமுன் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். ஆபரேஷன் எந்தத் தேதி? பார்வை எப்போதிலிருந்து இறங்கியது, படிப்படியாகவா திடீரென்றா? ஸ்டீராய்டு கூட்டினபோது நல்லா ஆச்சா? குறைச்சதும் திரும்பிச்சா? சர்க்கரை இருக்கா? கண்ணில் மண், செடி எதுவும் பட்டதா? எத்தனை முறை கூட்டினார்கள்?

நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, பேனா மட்டும் வேகமானது. பரிசோதித்துவிட்டு, கீறல் போட்ட இடத்தின் உள்விளிம்பில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றார். “லேசர் வச்சீங்களா?” இல்லை என்றேன். “நல்ல வேளை.” சவ்வு தடிப்பது வழக்கமாக மாதங்கள், வருடங்கள் கழித்து வருவது, ஆறாவது வாரத்திலேயே வந்தால் சந்தேகப்பட வேண்டும், சவ்வின் மேல் உட்கார்ந்திருப்பது கிருமியாக இருந்து அதில் லேசரால் ஓட்டை போட்டால் கண்ணின் பின்பக்கத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்று விளக்கினார். அப்புறம் சொன்னார்: இப்படி மெதுவாக வருவதில் இரண்டு பேர் மேல் சந்தேகம், சோம்பேறியான ஒரு வகை பாக்டீரியா, இல்லையென்றால் பூஞ்சை, இரண்டுமே ஸ்டீராய்டுக்கு முதலில் அடங்குகிற மாதிரி நடிக்கும். வெளியிலிருந்து பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. “உள்ள இருந்து எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இன்னைக்கே.”

இதுதான் என் கேள்வி. ஏழு வாரத்தில் முந்தைய இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருமே ஏன் சொல்லவில்லை?

கண்ணை மரத்துப்போகச் செய்து, கண்ணின் முன்பக்கத்தில் நீர் நிற்கும் முன்னறையிலிருந்து ஒரு துளி, பின்பக்கத்தை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். அதில் ஒரு பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து அன்றிரவே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். லேப்பில் இருந்தவர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மங்கலான வெளிச்சத்தில் மெல்லிய நூல்கள், குறுக்கே சின்னச் சின்னத் தடுப்புகள், கிளைகள் எல்லாம் கூர்ந்த கோணத்தில் பிரிந்து பிரிந்து போகின்றன. அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் சுவரில் படரும் அதே சாதி, என் அம்மாவின் கண்ணுக்குள். மீதியைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் போட்டார்கள். பூஞ்சை மெதுவாக வளரும் என்பதால் இரண்டு வாரம் வரை தட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்களாம். எங்களுக்கு நான்காம் நாளே ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்று வந்துவிட்டது. மற்ற ஆட்களுக்கு ஃபியூசேரியம், கேண்டிடா எல்லாம் வருவதுண்டு. எது என்று தெரிவது முக்கியம், ஏனென்றால் கேண்டிடாவுக்கு வேலை செய்யும் ஃப்ளூகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் செலுத்திய ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், பாக்டீரியாவுக்கு எமன், பூஞ்சைக்கு வெறும் தண்ணீர்.

விட்ரெக்டமி செய்தார்கள், அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை வெட்டி எடுத்துக் கிருமிச் சுமையைக் குறைப்பது. முடிவில் 0.1 மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராம் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஊசி. அந்த மருந்து கண்ணுக்குள் அதிக நேரம் தங்குவதில்லை, அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டி வந்தது. ஊசி என்றதும் நடுங்கிய அம்மா, மூன்றாவது தடவை தானாகவே மேலே பார்த்துக் கண்ணைக் காட்டினார். பத்து நாள் கழித்தும் திட்டு முழுதாகப் போகவில்லை. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பைக்குள் பூஞ்சை ஒளிந்துகொண்டால் மருந்து அங்கே எட்டாது என்று சொல்லி, இரண்டாவது ஆபரேஷனில் லென்ஸையும் பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அம்மா ஆசையாகத் தேர்ந்தெடுத்த அந்த லென்ஸ்.

கூடவே வோரிகோனசோல் மாத்திரை, 200 மில்லிகிராம், இரண்டு வேளை. இந்த மாத்திரை விஷயத்தில் ரெட்டினா ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் தரலாம். அங்கிருந்தவர் பில் போடுவதற்கு முன்னால் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கேட்டார். கொழுப்புக்கான மாத்திரை ஒன்று இதோடு ஒத்துப்போகாது என்று சொல்லி டாக்டரிடம் கேட்டு நிறுத்தி வைத்தார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் போட வேண்டும், வெயிலில் தோல் கருகும், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது என்றார். கடைசியாக, “மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல கலர் கலரா மின்னும், நோய் முத்திடுச்சுன்னு நெனச்சுப் பயந்துடாதீங்க, மருந்தோட வேலை அது” என்றார். மூன்றாம் நாள் அம்மா, நல்ல கண்ணிலேயே நீலமாக மின்னுகிறது என்று சொன்னபோது இந்த ஒரு வாக்கியம் எங்களை எவ்வளவு பெரிய பதற்றத்திலிருந்து காப்பாற்றியது தெரியுமா.

பழைய ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்ப் பேசினேன். சண்டை போட இல்லை, டாக்டரம்மா கேட்ட விவரத்துக்காக. லென்ஸின் ஸ்டிக்கர் நம்பர், ஆபரேஷனில் பயன்படுத்திய கழுவும் திரவத்தின் பேட்ச் நம்பர், கண்ணைத் தாங்கிப் பிடிக்க உள்ளே விடும் ஜெல்லின் பேட்ச் நம்பர், அன்று அதே தியேட்டரில் செய்துகொண்ட மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்களா. இதெல்லாம் எதற்கு என்று வரவேற்பில் கேட்டார்கள். 2020இல் தென் கொரியாவில் இந்த ஜெல்லிலேயே பூஞ்சை கலந்து, பல ஆஸ்பத்திரிகளில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட நிறைய பேருக்கு ஃபியூசேரியம் தொற்று வந்தது. ஆளுக்கொரு ஊரில் ஒவ்வொருவராக வந்தால் தற்செயல் மாதிரி தெரியும், பேட்ச் நம்பரை அடுக்கி வைத்தால்தான் ஒரே ஊற்று என்று புரியும். லென்ஸ் ஸ்டிக்கர் உடனே கிடைத்தது. மற்ற இரண்டு நம்பருக்குப் பதினோரு நாள். வேறு யாருக்கும் வரவில்லை என்றார்கள், நம்புகிறேன். அவர்கள் தியேட்டரில்தான் வந்தது என்று நான் சொல்லவும் மாட்டேன், ஏசி காற்றில் வந்திருக்கலாம், தையல் இல்லாத கீறல் வழியாகப் பிறகு நுழைந்திருக்கலாம், அம்மாவின் இமையிலேயே இருந்திருக்கலாம். ஒட்டுமொத்தமாகவே இந்த ஆபரேஷனுக்குப் பின் உள்ளே கிருமி புகுவது அபூர்வம், அதில் பூஞ்சை இன்னும் அபூர்வம், வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் அதன் பங்கு கூடுதல். வந்ததற்கு நான் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை. வந்த பிறகு ஏழு வாரம் அதற்குத் தீனி போட்டதற்குக் குறைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுக் கண்புரை ஆபரேஷனே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அது என் தப்பாகிவிடும். செய்துகொள்ளுங்கள். ஆனால் இடம் தேடும்போது எத்தனை நிமிடத்தில் முடிப்பார்கள், எந்த நாட்டு லென்ஸ் என்று கேட்பதோடு நிற்காமல், ஐந்தாவது வாரத்தில் கண் சிவந்தால் யார் பார்ப்பார், அறுத்த டாக்டரா, அன்று கையில் கிடைத்தவரா என்றும் கேளுங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பார்வை மங்கினால் செவ்வாய்க்கிழமை டோக்கன்தானா என்று கேளுங்கள். ஸ்டீராய்டைக் குறைத்ததும் இரண்டாவது தடவை திரும்பி வந்தால், “உள்ள இருந்து எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எந்த நாள் எத்தனை சொட்டு, பார்வை எப்படி என்று. ஃபைலில் இல்லாத கதை அந்த நோட்டில்தான் இருக்கும். முக்கியமாக, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணுக்குச் சேர்த்தே படித்துவிடும்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ரெட்டினா ஆஸ்பத்திரிக்கு நான்கு நட்சத்திரம், அந்தப் பெஞ்சுக்காக ஒன்று குறைத்துவிட்டேன். அம்மாவின் வலது கண் தடித்த பவர் கண்ணாடியோடு 6/24, பலகையில் மூன்றாவது வரி. முன்னால் நீட்டும் விரல்களை எண்ண மட்டுமே முடிந்த பார்வையோடு போய் அங்கே சேர்ந்தோம் என்பதால் டாக்டரம்மாவுக்கு இது சந்தோஷம். புதிதாக லென்ஸ் வைப்பது பற்றிக் கண் இன்னும் கொஞ்ச நாள் அமைதியாக இருந்தால் யோசிக்கலாம் என்கிறார், அவசரப்படுத்தவில்லை.

இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் அம்மா வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். பிறகு என்னிடம் நீட்டி, “இது நிஜமாவே சரியா அடிக்கலையா, இல்ல என் கண்ணா, பாருடி” என்றார்.